ஜுமைராவின் உயிர் காலேஜ்

வாப்பா மிருகக்காட்சிசாலை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது உயிர் காலேஜ். துபாய்க்கு வருமுன் சென்னை மண்ணடியில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அந்தக் காலத்துச் சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகில், மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்பார்கள். வாப்பா 1983-ல் அந்தச் சொல்லையும் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் கடல் தாண்டியிருக்கிறார். ஜுமைரா கடற்கரைச் சாலையில் இருந்த துபாய் ஜூவுக்குக் கூட்டிப்போகும் வெள்ளிக்கிழமைகளில் "உயிர் காலேஜுக்குப் போறோம், கிளம்புங்க" என்பார். துபாயிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு வெகுநாள் வரை காலேஜ் என்றால் சிங்கம் இருக்கும் இடம்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைக்கத் தொடங்கினார். கர்நாடக நவாப்பிடம் இருந்த விலங்குகளும் அங்கே வந்து சேர்ந்தன. பஞ்சடைத்த புலி ஒரு பக்கம், உறுமுகிற புலி ஒரு பக்கம். செத்த காலேஜ், உயிர் காலேஜ் என்ற ஜோடி அங்கிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1860களில் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறின. ரயில் சத்தத்துக்கும் சந்தை இரைச்சலுக்கும் நடுவே நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தன. 1979-ல் வண்டலூர்க் காட்டில் புதிய பூங்காவுக்கான வேலை தொடங்கி, 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். அதைத் திறந்துவைத்தார். 510 ஹெக்டேர். அதே ஆண்டு மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்துபோயிருந்தது. அடுத்த விடுமுறைக்கு ஊர் போன வாப்பா சென்ட்ரலில் இறங்கி உயிர் காலேஜ் போகணும் என்றதும் ஆட்டோக்காரர் சிரித்தாராம். "எந்த ஊர்ல இருந்து வர்றீங்க பாய்?"

இதே கதை துபாயிலும் நடக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

துபாய் ஜூ ஐக்கிய அரபு அமீரகத்தைவிட மூத்தது. 1967-ல் ஷேக் ராஷித் பின் சயீத், ஒட்டோ புலார்ட் என்ற ஆஸ்திரியப் பொறியாளருக்கு ஜுமைராவில் ஏறக்குறைய 2 ஹெக்டேர் நிலம் கொடுத்தார். அவர் அங்கே விலங்குகளை வளர்த்தார். 1971-ல் அது நகராட்சியின் கைக்கு வந்தது. அந்த ஆண்டின் கடைசியில்தான் அமீரகம் என்ற நாடே உருவானது. அப்போது ஜுமைரா ஊருக்கு வெளியே கிடந்த கடற்கரை. பிறகு ஊர் வந்து அதைச் சூழ்ந்துகொண்டது. வில்லாக்கள் வந்தன, பக்கத்திலேயே மெர்காட்டோ மால் வந்தது. 2 ஹெக்டேர் மட்டும் 2 ஹெக்டேராகவே நின்றது.

உள்ளே இருந்த உயிர்களின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது. துபாய் துறைமுக நகரம்; எல்லாச் சரக்கும் வந்துபோகும் இடத்தில் விலங்குகளும் வந்துபோயின. வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையிலிருந்து 1988-ல் விலகிய அமீரகம் 1990-ல் மீண்டும் சேர்ந்தது. அதன் பிறகு சுங்கத்தில் பிடிபட்ட குரங்குகள், ஆமைகள், கிளிகள், வீட்டில் வளர்த்துச் சலித்துப்போன சிங்கக்குட்டிகள் என்று பலவும் இந்தச் சின்ன வளாகத்துக்கு வந்து சேர்ந்தன. காட்சிசாலை என்பதைவிட அகதி முகாம் என்றால் பொருந்தும். 1989 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நடத்தியவர் ரெஸா கான் என்ற வங்கதேச விலங்கியலாளர். இவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சாலிம் அலியின் மாணவரான அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது தென்னிந்திய மலைச்சோலைகளில் மட்டும் வாழும் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை. நீலகிரிச் சோலைகளில் ஒரு குட்டிப் பறவையின் பின்னால் நடந்தவர், பாலைவன ஊரில் இடம் போதாத கூண்டுகளுக்குக் காவலரானார். அந்த நெருக்கடியிலும் சொகோத்ரா நீர்க்காகங்கள் அங்கே குஞ்சு பொரித்தன. அதை எப்படிச் சாதித்தார்கள் என்று இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஒரு பெரிய காட்சிசாலையில் பாதியை மூடிவிட்டுப் பாதியைக் காட்டலாம். 2 ஹெக்டேரில் அது நடக்காது. கரடிக்கூண்டை இடித்துக் கட்ட வேண்டுமென்றால் கரடியை எங்கே வைப்பது? பழுதுபார்க்கவே காலியிடம் வேண்டும். ஆகவே துபாய் ஜூவை இருந்த இடத்தில் சீரமைக்கவே முடியாது, மூடினால்தான் உண்டு என்ற வாதம் வலுவானது. கல்லூரியில் படிக்கும்போது நானும் நண்பர்களும் அதை மூடச் சொல்லி ஆங்கில நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினோம். கடிதம் அச்சில் வந்ததை வாப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார்.

"மூடிட்டா வெள்ளிக்கிழமை அவங்க எங்கே போவாங்க?"

அவங்க என்றால் யார் என்று எனக்குத் தெரியும். அப்போது வெள்ளிதான் வார விடுமுறை. சத்வாவிலிருந்து நடந்தும், அல் கூஸிலிருந்தும் சோனாப்பூரிலிருந்தும் பஸ் மாறியும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. நுழைவுக் கட்டணம் 2 திர்ஹம். குடும்பமில்லாத ஆண்கள் கும்பலாக நுழைந்தால் முகம் சுளிக்கும் இடங்கள் நிறைந்த ஊரில், யாரும் முகம் சுளிக்காத ஒரு வாசல் அது. ஒட்டகச்சிவிங்கி முன்னால் நின்று எடுத்த போட்டோ ராமநாதபுரத்துக்கும் தென்காசிக்கும் போகும். வாப்பா குடும்பத்தைக் கொண்டுவருவதற்கு முந்தைய ஆண்டுகளில் அப்படித்தான் போயிருக்கிறார். அந்தப் போட்டோ உம்மாவிடம் இன்னும் இருக்கிறது. என் கடிதத்தில் சிங்கத்துக்கு இடம் போதவில்லை என்றிருந்தது. ஓர் அறையில் பத்துப் பேர் படுத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அல் ஐன் காட்சிசாலையின் கதை வேறு. ஜபல் ஹஃபீத் மலையடிவாரத்தில் 1968-ல் ஷேக் சாயித் தொடங்கியது, 900 ஹெக்டேர். கான் துபாய்க்கு வருமுன் வேலை பார்த்த இடமும் அதுதான். 2010 வாக்கில் நாங்கள் போனபோது பெரிய மாற்றத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சான் டியாகோ காட்சிசாலையோடு சேர்ந்து தீட்டிய திட்டம் அது. வழியெங்கும் தகரத் தடுப்புகள், அவற்றில் வரப்போகும் காட்சிகளின் வரைபடங்கள். பிள்ளைகள் படத்தைப் பார்த்து யானை எங்கே என்று கேட்க, வாப்பா "இன்ஷா அல்லாஹ், வரும்" என்றார். ஆனால் தடுப்பைத் தாண்டியதும் வெள்ளை வெளேரென்று ஓரிக்ஸ் கூட்டம் நின்றது. வேறு எதுவும் திறந்திராவிட்டாலும் எனக்குப் போதும் என்று தோன்றியது.

கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அதே மான்தான். அரபியில் மஹா. காடுகளில் சுதந்திரமாகத் திரிந்த கடைசி மந்தை 1972-ல் ஓமானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. வண்டியும் துப்பாக்கியும் பெருகியபின் ஒளிய மரமில்லாத பாலையில் வெள்ளை விலங்கு எப்படித் தப்பும்? அந்த முடிவை முன்கூட்டியே கண்டவர்கள் 1960களிலேயே சிலவற்றைப் பிடித்துக் காப்பாற்றினார்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் காட்சிசாலையில் 1963-ல் ஒரு மந்தை தொடங்கியது; ஷேக் சாயித் அல் ஐனில் தனியே ஒன்றை வளர்த்தார். 1982-ல் ஓமான் பாலையில் மீண்டும் விட்டார்கள். 2011-ல் அழியும் அபாயப் பட்டியலில் ஒரு படி இறங்கிப் பாதிப்புக்குள்ளாகக்கூடியது என்ற நிலைக்கு வந்தது. ஒருமுறை காட்டில் அழிந்துபோன விலங்கு அந்த அளவுக்கு மீண்டது அதுவே முதல் தடவை. கூண்டு என்றாலே பாவம் என்று கடிதம் எழுதிய எனக்கு அந்த வெள்ளை மான்கள் கொஞ்சம் சங்கடம் தந்தன.

2017 நவம்பர் தொடக்கத்தில் துபாய் ஜூ மூடப்பட்டது. விலங்குகள் அல் வர்காவுக்குப் போயின. 119 ஹெக்டேர், முன்பு குப்பை கொட்டிய நிலம், 100 கோடி திர்ஹம் செலவு. டிசம்பர் 12 அன்று துபாய் சஃபாரி திறந்தது. முதல் இரண்டு வாரம் இலவசம், ஊரே திரண்டது. 2018 மே மாதம் மேம்பாட்டு வேலைக்காக மூடினார்கள். சில மாதங்களில் திறக்கும் என்றார்கள். வேலை நீண்டு, இடையில் கொரோனாவும் வந்து, 2020 அக்டோபர் 5 அன்றுதான் கதவு திறந்தது. பெரியவர்களுக்குக் கட்டணம் 50 திர்ஹம். வளைகுடாவில் இப்படி மூடுவது புதிதல்ல. தோஹா காட்சிசாலை 2012-ல் சீரமைப்புக்கு மூடப்பட்டு, பத்தாண்டு தாண்டியும் திறக்கவில்லை.

2021 குளிர்காலத்தில் வாப்பாவைக் கூட்டிப்போனேன். கணக்கெழுதிய பழக்கம் போகவில்லை. டிக்கெட்டைப் பார்த்ததும் 50-ஐ 2-ஆல் வகுத்துச் சொன்னார். சிங்கங்கள் பாறைமேல் காலை நீட்டிப் படுத்திருந்தன. ஜுமைராவில் சிங்கம் இங்குமங்கும் நடந்துகொண்டே இருக்கும், படுத்து நான் பார்த்ததில்லை. என் கடிதம் தப்பில்லை என்று அங்கே நின்றபோது தோன்றியது, வாப்பாவிடம் சொல்லவில்லை.

ஒரு திருப்பத்தில் வேலியோரம் நாலைந்து பேர் புதிதாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ் கேட்டதும் வாப்பா நின்றுவிட்டார்.

"எந்த ஊர் தம்பி?"

"சங்கரன்கோவில் பக்கம்ணே. நீங்க?"

"கீழக்கரை. தங்குறது எங்கே?"

"சோனாப்பூர்ணே."

"உள்ள எல்லாம் சுத்திப் பாத்தாச்சா?"

அந்தப் பையன் கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "வேலை நடக்கிறவரைக்கும் தினமும் பாக்குறதுதான். இந்த வேலி முடிஞ்சா வேற சைட்டுக்கு மாத்திருவாங்க. அப்புறம் டிக்கெட் எடுத்துத்தான் வரணும்."

வாப்பா அவனை ஒட்டகச்சிவிங்கி தெரிகிற பக்கமாக நிற்கச் சொன்னார். அவனுடைய போனையே வாங்கி, கை கொஞ்சம் நடுங்க, மூன்று படம் எடுத்துக் கொடுத்தார்.