பெட்டையும் மறியும்: பாண்டி நாட்டுக் குதிரை வரலாற்றில் ஒரு பகுதி

தொல்காப்பிய மரபியல் குதிரையின் பெண்பாலுக்குப் 'பெட்டை' என்னும் பெயரையும், அதன் இளமைக்கு 'மறி' என்னும் பெயரையும் வகுத்துத் தந்துள்ளது. ஆட்டுக்கும் மானுக்கும் உரிய மறி என்னும் சொல்லே குதிரைக்கும் உரியதாயிற்று. ஆக, பெண்குதிரையையும் அதன் குட்டியையும் பெயரிட்டு அழைக்கத் தமிழன் அறிந்திருந்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் மாணவர் பயிலும் பழம் பாடல்களில் தேர் இழுக்கும் குதிரையையும் போர்க்களத்துக் குதிரையையும் காண்கின்ற அளவுக்கு, ஈன்ற பெட்டையையும் அதன் பின்னே துள்ளி ஓடும் மறியையும் காண்பது அரிது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களை எண்ணத் தொடங்கும்போது, கடல்வழி வந்த குதிரையையே முதலில் வைக்கிறது. பெண்குதிரைக்குரிய மற்றொரு பெயராகிய 'வடவை' என்பதும் கடலோடு தொடர்புற்றே நம் நூல்களில் பெருக வழங்குகிறது. கடலடியில் பெட்டைக் குதிரையின் முகத்தோடு எரியும் ஊழித்தீ அது. தமிழ்ப் புலவர்க்குக் குதிரை என்பது கடலிலிருந்து வருவது. வீட்டுத் தொழுவத்தில் பிறப்பதன்று.

இந்நிலை ஓராயிரம் ஆண்டு கழிந்தும் மாறவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், பாண்டி நாட்டுக் குதிரை வாணிகத்தைக் கணக்கோடு எழுதி வைத்துள்ளார். பாரசீகக் குடாவிலுள்ள கீசுத் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்பப்பட வேண்டும் என்பது உடன்படிக்கை. குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தினார். வழியில் கப்பலில் இறந்துபோகும் குதிரைக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுத்தல் வேண்டும். அதற்கு முந்திய அபூபக்கர் என்னும் ஆட்சியாளர் காலத்தில் பாரசீகக் குடாவின் துறைகள் பலவற்றிலிருந்தும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் கூறுகிறார். இப்பெரும் பொருள் கோயில் நிலங்களின் மிகுவருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர் செலுத்திய வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதாம். எண்களில் மிகை இருக்கலாம். இடைக்கால வரலாற்றாசிரியர் எண்களைப் பெருக்கிச் சொல்லும் இயல்பினரே. ஆனால் மதுரையின் பொன், தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த காயல் துறை வழியாகக் குதிரைக்காக வெளியேறியது என்ற உண்மையை மறுப்பதற்கில்லை. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் பெருந்துறைக்குச் சென்ற கதையைத் திருவிளையாடற் புராணம் கூறும்போது, கேட்டவர் எவரும் வியந்திருக்க மாட்டார். குதிரை வாங்க அமைச்சனையே பொன்மூட்டையோடு துறைமுகத்துக்கு அனுப்புவது அந்நாட்டு மக்கள் அறிந்த நடைமுறையே.

அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் ஏன் இங்கே பெருகவில்லை? வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இதற்கு ஒரு விடை தருகிறார். அவர் ஏறத்தாழ 1292-93இல் இக்கரைக்கு வந்தவர். அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். குதிரையைப் பேணும் முறையை இந்நாட்டார் அறியார். குதிரை மருத்துவரும் இலாட அடிப்போரும் இங்கில்லை. அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே தடுத்து வருகின்றனர் என்றும் எழுதுகிறார். இறைச்சி கலந்த சோற்றைக் குதிரைக்கு ஊட்டியதையும் குறிப்பிடுகிறார். நம் பொருளுக்கு மிக வேண்டியது அவர் கூறும் வேறொரு செய்தி. பெரிய ஆண்குதிரையைப் பெரிய பெட்டையோடு சேர்த்தாலும், கால் கோணிய, ஏறிச் செல்லப் பயன்படாத சிறு குட்டியே பிறக்கிறது என்பது அது.

இச்செய்தியைப் படித்தவர் பலர், "இந்த மண்ணில் குதிரை பிறவாது" என்னும் முடிபோடு நின்றுவிட்டனர். எனக்கு அம்முடிபு போதியதாகத் தோன்றவில்லை. போலோ கூறுவதிலிருந்தே இரண்டு உண்மைகள் வெளிப்படுகின்றன. ஒன்று, பெட்டைகளும் இந்நாட்டில் இருந்தன. மற்றொன்று, அவை கருவுற்று ஈன்றன. தவறு கருவுறுதலில் இல்லை, கருவுற்றபின் நேர்ந்திருக்கிறது. எனவே பெட்டையின் கருக்காலம் எத்தகையது என்பதை அறியாமல் இவ்வரலாற்றை அறிதல் இயலாது.

பெட்டை பதினொரு திங்கள் சுமந்து பன்னிரண்டாம் திங்களில் ஈனும் என்று அரிசுடாட்டில் எழுதி வைத்தார். இன்றைய மருத்துவர் கணக்கும் ஏறத்தாழ அதுவே. சராசரி 340 நாள். 320 நாள் முதல் 365 நாள் வரை ஈனுவது இயல்பு எனக் கொள்வர். ஓராண்டு கடந்தும் நலமான குட்டியை ஈன்ற பெட்டைகள் உண்டு. ஒரே பெட்டை ஓர் ஆண்டு 335ஆம் நாளிலும், மற்றோர் ஆண்டு 355ஆம் நாளிலும் ஈனக்கூடும். மனிதர்க்குப் பேறுகாலம் தள்ளிப்போனால் அஞ்சுகிறோம். குதிரை வளர்ப்போர் அவ்வாறு உடனே அஞ்சுவதில்லை. குட்டியின் நுரையீரலும் பிற உறுப்புகளும் பிறப்புக்கு முந்திய சில நாட்களில்தான் முழுமை பெறுகின்றன. நாள் கடந்துவிட்டதென்று மருந்து கொடுத்து வெளியேற்றினால், எண்ணிக்கையில் முதிர்ந்த குட்டி உடலில் முதிராததாய்ப் பிறந்து மடியும். ஆகையால் நாட்காட்டியைப் பார்ப்பதைக் காட்டிலும் மடியைப் பார்ப்பதே மரபு. மடி பருக்கும், வால் அடியின் இருபுறமும் தசை தளரும், முலைக்காம்பின் நுனியில் மெழுகு போன்ற துளிகள் திரண்டால், பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈனும். பெரும்பாலான பெட்டைகள் ஆளரவம் அடங்கிய இரவிலேயே ஈனுகின்றன என்பது பேணுவோர் உறக்கத்தைக் கெடுக்கும் உண்மை.

முதிய பெட்டையாயின் கவலை இரட்டிக்கும். பதினைந்து வயது கடந்து, பல முறை ஈன்ற பெட்டையின் கருப்பையில் உள்ள சுரப்பிகளும் குருதி நாளங்களும் தேய்ந்திருக்கும். நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குச் செல்லும் ஊட்டம் குறையும். குறைந்த ஊட்டத்தில் வளரும் குட்டி மெல்லவே முதிரும். அதனால் முதிய பெட்டை சில நாள் கூடுதலாகச் சுமப்பது வழக்கம். நாள் கூடினால் குட்டி பெரிதாகும் என நினைப்பது பிழை. நாள் கடந்து பிறந்தும் சிறுத்து மெலிந்த குட்டியைக் காணலாம். இத்தகைய பெட்டைக்கு என்ன செய்தல் வேண்டும்? பல் தேய்ந்து மென்று தின்ன இயலாததாகையால் தீவனத்தை ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்த வைக்கோலை அணுகவிடலாகாது. சிலவகைப் புல்லில் வாழும் பூஞ்சையே பேற்றைத் தள்ளிப்போட்டு மடியையும் வற்றச் செய்யும். நாள்தோறும் மெல்ல நடத்த வேண்டும். உப்பும் கனிமங்களும் குறையாமல் பார்த்தல் வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். இக்காத்திருப்பே இத்தொழிலில் கடினமான பகுதி. பனிக்குடம் உடைந்த பின்னரோ காத்திருத்தல் கூடாது. அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளிவர வேண்டும். வாராவிடில் தாய்க்கும் குட்டிக்கும் கேடு. பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் தாயின் நஞ்சுக்கொடி விழ வேண்டும். குதிரைக்குட்டி நோய் எதிர்க்கும் ஆற்றலைக் கருப்பையில் பெறுவதில்லை. சீம்பால் வழியேதான் பெறுகிறது. முதிய பெட்டையின் சீம்பால் வளம் குன்றியதாக இருத்தல் கூடும். அவ்வாறாயின் வேறொரு பெட்டையின் சீம்பாலைத் தேடி ஊட்டுவர்.

இனி மார்க்கோ போலோ கண்ட கால் கோணிய குட்டிக்கு வருவோம். கனடாவின் மேற்குப் பகுதியில் ஒரு நோயைக் கால்நடை மருத்துவர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அங்கே சில பெட்டைகள் உரிய நாளைக் கடந்து நெடிது சுமந்தன. பிறந்த குட்டிகளோ முதிராத தோற்றத்தோடு, முன்னங்கால் நரம்புகள் சுருங்கி வளைந்து, மூட்டு எலும்புகள் இறுகாமல் இருந்தன. கருவில் இருக்கும்போதே தைராய்டுச் சுரப்பி கெட்டதே அதன் அடிப்படை. தாயின் தீவனமும் கனிமக் குறைவும் அதனோடு தொடர்புடையன என்று கண்டறிந்தனர். பாண்டி நாட்டுக் குட்டிகளுக்கும் இதே நோய்தான் என்று சாதிப்பது என் நோக்கமன்று. எழுநூறு ஆண்டுக்கு முன் இறந்த குட்டிக்கு எவரும் மருத்துவச் சான்று தர இயலாது. ஆனால் தாயின் தீவனம் கெட்டால் குட்டியின் கால் கோணக்கூடும் என்பது உறுதி. இறைச்சிச் சோறும், வசாப் கூறுகின்ற நெய்யில் வதக்கிய தானியமும், காய்ச்சிய பசுவின் பாலும் புல் தின்னும் பெட்டைக்கு ஏற்ற உணவல்ல. புதிதாக வந்த குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்தபின், பயிற்சியின்றி ஓட்டினர் என்றும் வசாப் எழுதுகிறார். அன்பின் மிகுதியால் செய்த தீங்கு இது. விருந்தினனுக்கு நெய்ச்சோறு படைக்கும் நாட்டில் குதிரைக்கும் அதையே படைத்தனர்.

மண்ணும் தட்பவெப்பமும் குற்றமற்றவை என்று சொல்வதற்கில்லை. ஈரமும் வெப்பமும் மிகுந்த தாழ்நிலத்தில் இரத்தம் உறிஞ்சும் ஈக்கள் பெருகும். அவை பரப்பும் 'சர்ரா' நோய் குதிரையை மெலிவித்துக் கொல்லும், கருவையும் சிதைக்கும். அதன் நுண்ணுயிரை 1880இல் பஞ்சாபில் கிரிபித் எவான்சு கண்டறியும் வரை காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. ஆயினும் வறண்ட கத்தியவாரிலும் மார்வாரிலும் புகழ்பெற்ற குதிரைக் குலங்கள் வளர்ந்தன. மைசூர் மேட்டுநிலத்தில் குனிகல் என்னும் ஊரில் குதிரைப் பண்ணை நடந்தது. நூலறிவுக்கும் குறைவில்லை. சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் குதிரை நூல்கள் வடமொழியில் வழங்கின. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்துள்ளது. அத்தகைய நூல்கள் சுழிகளையும் நிறங்களையும் நன்னிமித்தங்களையும் விரிவாகப் பேசுபவை. வாங்குவோர்க்கு அவை பெரிதும் பயன்பட்டிருக்கும்.

பாண்டியனிடத்தில் இல்லாதிருந்தது காலம் என்பது என் கருத்து. இன்று சேர்த்த பெட்டை ஓராண்டு கழித்து ஈனும். அக்குட்டி முதுகில் ஆளைச் சுமக்க மேலும் மூன்று நான்கு ஆண்டு ஆகும். ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் தாராது. நாள் கடந்து ஈன்றால் அடுத்த ஆண்டின் கருவும் தள்ளிப்போகும். ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரை வேண்டும் அரசன் அதற்குப் பன்மடங்கான பெட்டைகளையும், அவை மேயப் பரந்த புல்வெளியையும், இரவெல்லாம் விழித்திருக்கும் ஆட்களையும் வைத்துப் பேணியிருக்க வேண்டும். அண்ணன் தம்பியர் அரியணைக்குப் போரிட்ட நாட்டில், ஐந்தாண்டு கழித்து வரும் குதிரைக்காக எவன் காத்திருப்பான்? 1310இல் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் பகைத்து நின்றனர். 1311இல் மாலிக் காபூரின் குதிரைப்படை மதுரைக்கு வந்துவிட்டது. விற்பவனுக்கோ இங்கே ஒரு மறியும் பிறவாதிருப்பதே ஊதியம்.

பின்வந்தோரும் இவ்வழியே சென்றனர். விசயநகர வேந்தர் ஓர்முசுக் குதிரைக்குப் போர்த்துக்கீசியரிடம் பொன் கொடுத்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் மட்டும் தாமே வளர்த்துப் பார்க்க முனைந்து, பீகாரில் பூசா என்னும் இடத்தில் பெரும் பண்ணை அமைத்தனர். 1808இல் அதன் பொறுப்பை ஏற்ற வில்லியம் மூர்கிராப்டு, பிரான்சு நாட்டில் முறையாகக் கால்நடை மருத்துவம் பயின்றவர். அவரும் தீவனத்தையே முதலில் மாற்றி, பண்ணையில் ஓட்சு பயிரிடச் செய்தார். ஆயினும் நல்ல இனக் குதிரைகள் போதாமையால், அவற்றைத் தேடி இமயத்தைக் கடந்து புகாரா வரை சென்று, திரும்பும் வழியில் 1825இல் இறந்தார். 1870களில் கம்பெனி வழிவந்த பண்ணைகளை அரசு கைவிட்டது. அதன்பின் படைக்குதிரைகள் பெரும்பாலும் ஆசுதிரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து கப்பலில் வந்தன. 'வேலர்' என்பது அவற்றின் பெயர். நம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பந்தயத் திடல்களில் ஓடிய குதிரைகளிற் பலவும் அவ்வழியே வந்தவை. சிங்கப்பூரில் 1843இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கடைசி ஓட்டத்தோடு முடிவுற்றது. திடலில் எஞ்சியிருந்த குதிரைகளில் பல மீண்டும் வேறு நாடுகளுக்கு அனுப்பப்பட்டன.