பேனலுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதை

பிரவுசிங் சென்டர்ல எவனாவது பேனலை இழுத்துப் போட்டுட்டு மெனுவைத் தூக்கிட்டா, அடுத்து உக்கார்றவர் திண்டாடணும். லினக்ஸ்ல க்னோம் 2 காலத்துலயே இதுக்கு வழி வச்சிருந்தாங்க.

2006 மார்ச்ல க்னோம் 2.14 கூட வந்தது 'பெஸ்ஸுலஸ்'. லத்தீன்ல தாழ்ப்பாள்னு அர்த்தமாம். எழுதினவர் வின்சென்ட் உன்ட்ஸ், பிரெஞ்சுக்காரர் (மூலக்குளத்துக்காரனுக்குக் கொஞ்சம் பாசம் வரத்தானே செய்யும் :-)). ஒரு டிக் போட்டா போதும், பேனல்ல எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ முடியாது. அட்மின் அதைக் கட்டாயமாக்கிட்டா சாதாரணப் பயனர் எடுக்கவும் முடியாது. ஆனா ரூட் பாஸ்வேர்டு இருந்தா எடுத்துடலாம். சென்னை சி-டாக் 2007ல வெளியிட்ட பாஸ் லினக்ஸுக்கும் டெஸ்க்டாப் க்னோம்தான்.

2011 ஏப்ரல்ல க்னோம் 3 வந்துச்சு. மேல்பட்டையில வலது க்ளிக் பண்ணினா பழைய மெனு வராது. யாரும் பூட்டலைங்க, வடிவமைப்பே அப்படி! ஃபால்பேக் மோடுல பழைய பேனல் மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ஆனா ஆல்ட்டை அழுத்திக்கிட்டே வலது க்ளிக் பண்ணணும். இது தெரியாதவங்களுக்கு பேனல் பூட்டிக்கிட்ட மாதிரியேதான் இருக்கும். பூட்டாவது பரவாயில்ல, சாவி யார்கிட்டன்னு தெரியும். சாவித்துவாரமே இல்லாத கதவுதான் எனக்குக் கடுப்பு.

அதே 2011ல அர்ஜென்டினாவுல 'பெர்பெரோஸ்'ங்கற பேர்ல ஒருத்தர் க்னோம் 2ஐத் தனியா பிரிச்சு 'மாத்தே'ன்னு ஆரம்பிச்சார். அந்தப் பழைய பூட்டு அதுல இன்னும் இருக்கு. டிகான்ஃப் எடிட்டர்ல மாத்தே பேனல் பகுதிக்குப் போய் 'லாக்ட் டவுன்'ல டிக்கை எடுத்துட்டா பேனல் நம்ம கைக்கு வந்துடும்.