திக்குவாய்க்குக் கத்தி வைத்த காலம்

1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர், திக்குவாய் தீர நாக்கின் அடியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தைத்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. ரத்தம் போனதுதான் மிச்சம். நம் ஊரில் குழந்தையின் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். அதில் வலி இல்லை. ஆனால் பழியென்னவோ அங்கும் நாக்கின் மேல்தான்.

பேச்சுப் பயிற்சியாளரான நான் என் தொழிலின் வரலாற்றில் மறக்கக் கூடாததாகக் கருதுவது, அமெரிக்காவின் அயோவாவில் நடந்ததை. அங்கே பேராசிரியராக இருந்த வெண்டல் ஜான்சன் தாமே திக்கியவர். பெரியவர்கள் குறைசொல்லிச் சொல்லியே குழந்தையைத் திக்கவைக்கிறார்கள் என்று நம்பினார். 1939இல் அவருடைய மாணவி மேரி டியூடர், டேவன்போர்ட் அனாதை இல்லத்தின் 22 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார். நன்றாகப் பேசிய ஆறு பிள்ளைகளிடம், உங்களுக்குத் திக்குகிறது, சரியாகச் சொல்ல முடியாவிட்டால் பேசாதீர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களுக்குத் திக்குவாய் வந்துவிடவில்லை. ஆனால் வாய்திறக்கவே கூசி ஒடுங்கிப்போனார்கள். 2001இல் ஒரு நாளிதழ் அம்பலப்படுத்திய பிறகே பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

திக்கலுக்கு மரபும் மூளை வளர்ச்சியும் முக்கியக் காரணங்கள், வளர்ப்பில் பிழையில்லை என்று இன்று தெரியும். காரணத்தில் ஜான்சன் தவறினார். ஆனால் பெரியவர்களின் சொல் பிள்ளையை ஊமையாக்கும் என்பதற்கு டேவன்போர்ட்டே சாட்சி.

அதே அயோவாவில் படித்த சார்லஸ் வான் ரைப்பரும் திக்கியவர்தான். தடையோடு மல்லுக்கட்டாமல் இலகுவாகத் திக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் வழியில்தான் நானும் செய்கிறேன். 'பந்து' என்று சொல்லவரும்போது உதடு இறுகிப்போகும் பையனிடம், இன்னும் இறுக்கிக் காட்டு என்பேன். பிறகு மெல்லத் தளர்த்தி, காற்றை விட்டபடி சொல்லச் சொல்வேன். இறுக்கமும் தளர்வும் தன் வசம் என்று தெரிந்ததும் பயம் குறைகிறது. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு 1980களில் சிட்னியில் உருவான லிட்கோம் முறை இருக்கிறது. அதில் பெற்றோரே பயிற்சியாளரின் வழிகாட்டலில், தடங்கலின்றிப் பேசும்போது குழந்தையைப் பாராட்டுகிறார்கள். நம் நாட்டில் இத்துறைக்கென்றே மைசூரில் ஒரு தேசிய நிறுவனம் 1965இலிருந்து இருக்கிறது.

சின்னக் குழந்தைகள் பலருக்குத் திக்கல் தானாகவே போய்விடும். மாதக்கணக்கில் நீடித்தாலோ, பேசப் பயந்தாலோ தாமதிக்காமல் பயிற்சியாளரிடம் அழைத்து வாருங்கள். வீட்டில், பாதியில் நிற்கும் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். குழந்தையே சொல்லி முடிக்கட்டும், பொறுத்திருந்து கேளுங்கள்.