வரிசையை எண்ணிய வீரர்: லெப்டினன்ட் அட்னான் பின் சைடி

அரண் காத்து நிற்போரின் மறத்தை நொச்சித் திணை எனத் தனியே வகுத்துப் போற்றியது நம் தமிழ் மரபு. அத்தகைய மறம் நாம் வாழும் இம்மண்ணிலும் வெளிப்பட்டது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் வட்டாரத்திலுள்ள புக்கிட் சண்டு என்னும் அபின் குன்றில் அது நிகழ்ந்தது.

அக்குன்றைக் காத்தது மலாய்ப் படைப்பிரிவின் முதலாம் பட்டாளத்தைச் சேர்ந்த ஓர் அணி. அதில் 42 வீரர்களுக்குத் தலைமையேற்றிருந்தவர் லெப்டினன்ட் அட்னான் பின் சைடி. 1915இல் சிலாங்கூர் மாநிலத்துக் காஜாங்கில் பிறந்த அவர், முதலில் பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றினார். 1933இல் போர்ட் டிக்சனில் 25 பேருடன் சோதனை முயற்சியாக மலாய்ப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. மலாய் இளைஞர்கள் படை ஒழுங்கிற்கு ஏற்றவர்களா என்னும் ஐயம் ஆட்சியாளரிடம் நிலவிய காலம் அது. அவ்வாண்டிலேயே அட்னான் படையில் சேர்ந்தார். 1937இல் லண்டனில் நடைபெற்ற முடிசூட்டு விழா அணிவகுப்பிலும் பங்கேற்றார்.

அணிவகுப்பில் தேர்ந்த அக்கண்களே போர்க்களத்தில் துணைநின்றன. பிற்பகலில், பிரிட்டிஷ் இந்தியப் படையின் பஞ்சாபி வீரர்களைப் போல் உடையணிந்த ஒரு குழு குன்றை நோக்கி வந்தது. நட்புப் படையினர் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆயினும், பிரிட்டிஷ் படையினர் மும்மூவராக நடப்பது வழக்கம். வந்தவர்களோ நந்நால்வராக நடந்தனர். அவர்கள் மாறுவேடமிட்ட ஜப்பானியர் என்பதை அட்னான் உணர்ந்தார். அவருடைய ஆணைப்படி வீரர்கள் சுட்டனர். எதிரியின் சூழ்ச்சி முறிந்தது.

ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின்னர் ஜப்பானியர் பெரும்படையுடன் தாக்கினர். எண்ணெய்க் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் கால்வாயில் தீப்பற்றி எரிந்ததால், பின்வாங்கும் வழியும் அடைபட்டிருந்தது. தோட்டாக்கள் குறைந்தன, கைகலப்பு மூண்டது. படுகாயமுற்ற நிலையிலும் அட்னான் தம் வீரர்களுக்கு ஊக்கமூட்டிப் போரிட்டார். இறுதியில் எதிரிகளால் கொல்லப்பட்டார்.

குன்று வீழ்ந்தது. மறுநாளே சிங்கப்பூர் சரணடைந்தது. அவ்வாறெனில் அப்போராட்டத்தின் பயன் யாது என மாணவர் வினவக்கூடும். வெற்றியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் அதற்கு விடையில்லை. ஆனால், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சமூகத்தின் ஆற்றல்மீது எழுப்பப்பட்ட ஐயத்திற்கு அக்குன்று விடையளித்தது. மேலும், வீரம் என்பது அஞ்சாமை மட்டுமன்று என்பதையும் அது உணர்த்துகிறது. சாவு நெருங்கும் வேளையிலும் பதற்றமின்றி நோக்கி, வரிசையை எண்ணி, முடிவெடுக்கும் தெளிவும் வீரமே. அத்தெளிவு ஒரே நாளில் வாய்ப்பதன்று. பல்லாண்டுப் பயிற்சியால் விளைவது.

கல்லறை அறியப்படாத வீரர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் அட்னானின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆசிரியர்கள் தம் மாணவர்களை ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் சென்று அப்பெயரைக் காட்டுதல் வேண்டும்.