ஒரு மரையளவு வளர்த்த தொழில்: தோட்டா நிரப்பும் பிரஸின் வரலாறு

துப்பாக்கி சுடப்படும்போது குண்டு வெளியேறுகிறது, வெடிமருந்து எரிந்து தீர்கிறது, அம்மருந்துக்குத் தீமூட்டும் ப்ரைமர் என்னும் சிறு உலோகக் கிண்ணம் பயனிழக்கிறது. இம்மூன்றையும் தாங்கியிருந்த பித்தளைக் கூடு மட்டுமே எஞ்சுகிறது. அக்கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம், கடைகள் தொலைவிலும் தோட்டாக்கள் விலை மிகுந்தும் இருந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க மேற்குப் பகுதியின் வேட்டைக்காரர்களிடையே வேரூன்றியது.

இவ்வழக்கத்திற்கு வழி திறந்தது ப்ரைமரின் அமைப்பே ஆகும். 1860களில் ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்த முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருந்ததால், மேலிருந்து ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய ப்ரைமரை எளிதில் தள்ளிவிட முடிந்தது. அதே காலத்தில் அமெரிக்கரான ஹைரம் பெர்டன் வடிவமைத்த முறையிலோ துளைகள் நடுவை விட்டு விலகி அமைந்ததால் அது இயலவில்லை. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் நிலைபெற்றமையால், கூடுகளை மீண்டும் நிரப்பும் தொழில் அமெரிக்காவில் செழித்தது.

1884இல் ஜான் பார்லோ கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் தொடங்கிய ஐடியல் நிறுவனம், பாக்குவெட்டி போன்ற இரு கைப்பிடிகளைக் கொண்ட கைக்கருவிகளை விற்றது. அக்கருவி ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அளவுத் தோட்டாவுக்கே உரியதாக இருந்ததால், வேறொரு துப்பாக்கி வாங்கியவர் வேறொரு கருவியும் வாங்க வேண்டியிருந்தது. இந்நிறுவனத்தின் தொழில் 1925இல் லைமன் நிறுவனத்தின் வசமானது.

மேசையில் பொருத்தி நெம்புகோலால் இயக்கும் பிரஸ் பரவியபோது இக்கட்டு தளர்ந்தது. சுட்டபின் விரிந்த கூட்டை மீண்டும் உரிய அளவுக்கு ஒடுக்கும் 'டை' என்னும் எஃகு அச்சு, பிரஸின் தலையில் மரையால் திருகப்பட்டது. அந்த மரையின் அளவாக முக்கால் அங்குலத்தினும் சற்றுப் பெரிதான 7/8 அங்குல விட்டமும், அங்குலத்திற்கு 14 சுற்றுகளும் காலப்போக்கில் பொதுவழக்காயின. ஒருவர் செய்த டை மற்றொருவர் செய்த பிரஸில் பொருந்தியதால், துணைக்கருவிகள் தனியொரு வணிகமாக வளர்ந்தன.

இரண்டாம் உலகப்போர் இவ்வணிகத்தை விரைவுபடுத்தியது. போர்க்காலத்தில் குண்டுகள் அரிதானதால், கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் 1943இல் குண்டு செய்யும் டைகளை உருவாக்கத் தொடங்கி, ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்திற்கு வித்திட்டார். போர் முடிந்தபின் புரூஸ் ஹாட்ஜ்டன் அரசின் உபரி வெடிமருந்தை வாங்கி மலிவாக விற்க, வீட்டிலேயே தோட்டா நிரப்புவோர் பெருகினர். வெடிமருந்தை அளந்து ஊற்றும் கருவியும், ப்ரைமர்களை ஒவ்வொன்றாக ஊட்டும் குழாயும், கூட்டுக்கு எண்ணெய் பூசும் வேலையைக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் தவிர்த்த கார்பைடு வளைய டையும் பழைய பிரஸ்களின் மேம்பாடுகளாயின.

தொடக்ககாலப் பிரஸ்களில் நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலையே நடக்கும். பல டைகளை வரிசையாகக் கொண்டு, ஒவ்வோர் இழுப்பிலும் ஒரு முழுத் தோட்டாவைத் தரும் தொடர்நிலைப் பிரஸ்களை, அரிசோனாவின் மைக் டில்லன் 1970களின் பிற்பகுதியிலிருந்து சாதாரண ஆர்வலரும் வாங்கும்படி செய்தார். டைகளைக் கழற்றாமலே அவற்றைத் தாங்கும் தலைப்பகுதியை முழுதாக மாற்றும் வசதியும், கூடுகளைத் தானே எடுத்துத் தரும் சுழல்தொட்டியும் அதனுடன் வந்தன. வேகம் கூடியபோது ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுதல், மருந்தே விழாது போதல் ஆகிய ஆபத்தான பிழைகள் கண்ணுக்குத் தப்பும் வாய்ப்பும் கூடியதால், மருந்தின் மட்டத்தைச் சோதித்து ஒலியெழுப்பும் கருவி அடுத்த துணைக்கருவியாயிற்று.

ஆகவே இத்தொழிலின் வளர்ச்சியில் புதுக் கண்டுபிடிப்புகளுக்கு நிகரான பங்கு, போட்டி நிறுவனங்கள் ஒரே மரையளவை ஏற்றுக்கொண்டதற்கும் உண்டு. அவ்வளவில் அரை நூற்றாண்டுக்கு முன் செய்த டைகள் இன்றைய பிரஸ்கள் பலவற்றிலும் பொருந்துகின்றன.