பொறியும் மந்திரமும்

விஞ்ஞானக் கதை எது, மாயக் கதை எது என்று பிரித்துக் காட்டுவது எளிது என்றே பலரும் எண்ணுகின்றனர். விண்கலம் வந்தால் முன்னது. பூதம் வந்தால் பின்னது. நம் பழங்காப்பியங்களைப் படித்தவர்க்கு இந்தக் கணக்கு அவ்வளவு விரைவில் தீராது.

வானில் சென்ற இரு பெண்களை நேயர்கள் நினைவுகூர வேண்டுகிறேன். ஒருத்தி மணிமேகலை. தெய்வம் அவளுக்கு அருளிய மூன்று மந்திரங்களுள் ஒன்று வானில் திரிவதற்கு உரியது. அவள் ஓதினாள், பறந்தாள். எங்ஙனம் என்று சாத்தனார் சொல்லவில்லை, நாமும் கேட்பதில்லை.

மற்றொருத்தி சீவக சிந்தாமணியின் விசயை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருத்தக்கதேவர் பாடிய காப்பியம் அது, 1887-இல் உ.வே. சாமிநாதையர் அதனை அச்சிட்டுத் தந்தார். கட்டியங்காரன் என்னும் அமைச்சனிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, அரண்மனையே கதியென்று கிடந்தவன் சச்சந்தன். கருவுற்ற தேவி கண்ட தீக்கனவு அவனை உலுக்கியது. அவளேனும் தப்பிப் பிழைக்க வேண்டும் என்று தச்சன் ஒருவனைக் கொண்டு மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான்.

புலவர் இங்கே சொல்லும் விவரங்களைக் கவனியுங்கள். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு ஆகியவை அதற்கு வேண்டிய பொருள்கள். செய்து முடிக்க ஏழு நாள். பொறியை வலப்புறம் திருகினால் மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும். அரசி அதனை இயக்கப் பழகவும் வேண்டியிருந்தது. பின்னர் அவள் தப்பிச் செல்கையில், பகைவனின் வெற்றி முரசு கேட்டு மயங்கினாள். இயக்கும் கை ஓய்ந்தது. மயில் சுடுகாட்டில் இறங்கிற்று. அங்கேதான் சீவகன் பிறந்தான். உலகைத் துறந்த சமண முனிவர் ஒருவர் அரக்கையும் மெழுகையும் எண்ணிச் சொல்வது வியப்பன்றோ!

அம்பத்தூரில் நான் இக்கதையை வகுப்பில் சொன்னபொழுது ஒரு மாணவன் எழுந்தான். 1964-இல் தோன்றிய தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை நடத்துபவரின் மகன். "ஐயா, அந்த மயில் எதில் ஓடியது? பெட்ரோலா, பேட்டரியா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்கோ பெருமகிழ்ச்சி. மணிமேகலையைப் படித்தபொழுது அவன் இக்கேள்வியைக் கேட்டானல்லன். கேட்கத் தூண்டுவது ஒரு கதை. கேளாமல் அமரச் செய்வது மற்றொரு கதை. நான் கண்ட எல்லைக்கோடு இதுவே.

ஆயினும் அக்கோட்டின்மேல் வேலி கட்ட இயலாது. அதே சிந்தாமணியில் சுதஞ்சணன் என்னும் இயக்கன் சீவகனுக்கு மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறான். இனிய குரல் பெற ஒன்று, நஞ்சு தீர்க்க ஒன்று, வேண்டிய உருக்கொள்ள ஒன்று. ஒரு கையில் திருகுபொறி, மறு கையில் மந்திரம்! தேவர்க்கு இதனால் யாதொரு சங்கடமும் இல்லை.

சங்கடம் நமக்குத்தான். மயிற்பொறியைக் காட்டி, பழந்தமிழர் விமானம் ஓட்டினர் என்று மேடையில் முழங்குவோர் உளர். நான் தமிழைப் பழிப்பதாக அவர்கள் கருதினாலும் கருதுக. கற்பனையைச் சான்றாக்குவது வரலாறு ஆகாது. மகரிஷி வாக்கு என்று போற்றப்பட்ட வைமானிக சாஸ்திரத்தை 1974-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து அறிஞர் ஐவர் ஆராய்ந்தனர். அது 1904-க்கு முற்பட்டதன்று என்றும், அதில் கண்டபடி செய்தவை பறவா என்றும் முடிவு கூறினர். மெழுகு மயிலைச் சிந்தித்த புலவனின் பெருமை இதனால் ஓர் அணுவும் குறையவில்லை. பறக்காத காலத்தில் பறத்தலை எண்ணியதன்றோ அப்பெருமை?

மேனாட்டாரும் இக்கோட்டைப்பற்றிப் பூசலிட்டவரே. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1865-இல் 900 அடிப் பீரங்கியால் மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பினார். ஆங்கிலேயர் வெல்ஸ் 1901-இல் புவியீர்ப்பை மறைக்கும் ஒரு பொருளைப் படைத்து அனுப்பினார். நான் வெடிமருந்தைக் கொண்டு செய்தேன், அவர் இல்லாத பொருளை அல்லவா கொண்டு செய்கிறார் என்பது வெர்னின் குறை. நியாயமான குறைதான், ஆனால் வெர்னின் பீரங்கி உண்மையில் வெடித்திருந்தால் உள்ளிருந்தோர் அக்கணமே நசுங்கி மாண்டிருப்பர். கணக்குப் போட்டு எழுதிய மாயம் அது!

தமிழ்த் திரையிலும் இது நேர்ந்தது. ககாரின் விண்வெளி சென்றது 1961, எம்.ஜி.ஆர். நடித்த கலை அரசி வெளிவந்தது 1963. தம் உலகில் இசை இல்லாத வேற்றுக்கிரகத்தார் இங்கிருந்து பாட வல்ல ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். விண்கலத்தைக் கழற்றிவிட்டால், எஞ்சுவது நம் பாட்டிமார் சொன்ன அரக்கன் கதையே. பானுமதியின் பாட்டைக் கேட்டவர்கள் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை.

பொறியியல் கற்ற சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய என் இனிய இயந்திரா தொடரில் ஜீனோ என்ற இயந்திர நாய் வரும். புத்தகம் படிக்கும், சிந்திக்கும், வாயாடும். இயந்திரமென்று ஆசிரியர் சொன்னதால் நம்பினோம்; பஞ்சதந்திரத்து விலங்குகளும் அவ்வாறுதானே பேசின? கதை நிகழ்வதாக அவர் குறித்த 2020-களும் வந்துவிட்டன. என் பேரன் கைப்பேசியிடம் வினவுகிறான். அது நயமாக விடை பகர்கிறது. எப்படிப் பகர்கிறது என்று அவன் கேட்பதில்லை. லேத்துப் பட்டறைக்காரர் மகன் அருகிலிருந்தால் கேட்டிருப்பான்.