காலை ஆறு மணி விலை பிறந்த கதை

ஆரணியில் கைத்தறி ஓடப் பெட்ரோல் வேண்டாம். நெசவாளியின் கையும் காலும் போதும். ஆனால் கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத் ஜரிகையும் ஊர் வந்து சேர லாரி வேண்டும். முதலாளி வீட்டில் பாவும் ஊடையும் வாங்கி வரவும், அறுத்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் சுற்றுக் கிராமத்து நெசவாளிக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வேண்டும். நூறு ரூபாய் நீட்டினால் அந்த வண்டியில் எவ்வளவு பெட்ரோல் விழும் என்பதைத் தினமும் காலை ஆறு மணிக்குத் தீர்மானிக்கும் ஏற்பாடு பிறந்தது 2017 ஜூன் 16 அன்று.

அதன் முன்கதை 1973இல் தொடங்குகிறது. அரபு-இஸ்ரேல் போரை ஒட்டி, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களிலேயே 12 டாலரைத் தொட்டது. அந்த அடி நேரே மக்கள் தலையில் விழாமலிருக்க, டில்லியே விலையைக் கட்டிப்பிடித்து வைத்தது. 2002 ஏப்ரல் 1 அன்று அந்த முறை ஏட்டளவில் முடிந்தது. கயிறு மட்டும் அரசின் கையிலேயே இருந்தது. 2010 ஜூனில் பெட்ரோலை அவிழ்த்துவிட்டார்கள். டீசலை 2013 ஜனவரி முதல் மாதம் 50 பைசா வீதம் ஏற்றிப் பழக்கி, உலகச் சந்தை சரிந்துகொண்டிருந்த 2014 அக்டோபரில் விட்டார்கள்.

அப்போதெல்லாம் மாதம் இருமுறைதான் விலை மாறும். ஏறப்போகிறது என்று தெரிந்தால் முந்தைய இரவே பங்க்கில் வரிசை நிற்கும். மூன்று ரூபாய் ஒரேயடியாக ஏறினால் தலைப்புச் செய்தி. தினம் பத்து பைசா ஏறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்ணெய் நிறுவனங்களுக்கு அது வசதி. 2017 மே 1 அன்று நம் பக்கத்துப் புதுச்சேரி, விசாகப்பட்டினம், உதய்ப்பூர், ஜாம்ஷெட்பூர், சண்டிகர் ஆகிய ஐந்து ஊர்களில் தினசரி விலை மாற்றத்துக்கு வெள்ளோட்டம் பார்த்தார்கள். நாடு முழுக்க நள்ளிரவில் விலையை மாற்றத்தான் முதல் திட்டம். நடுராத்திரியில் பம்ப் பம்பாக விலையை மாற்ற ஆளுக்கு எங்கே போவது என்று பங்க் உரிமையாளர்கள் போராட்டம் அறிவித்தார்கள். அப்படித்தான் காலை ஆறு மணி வந்தது.

உலகச் சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதுதான் பேச்சு. ஆனால் 2018இல் கர்நாடகத் தேர்தல் வந்தபோது 19 நாள் விலை அசையவில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. இங்கே மே முதல் வாரத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியைக் கூட்டி, இறங்கிய லாபத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 2021 நவம்பரில் இருந்து, உத்தரப்பிரதேசத் தேர்தல் முடிந்ததையும் தாண்டி, 137 நாள் அதே விலை. பிறகு 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 14 முறை ஏற்றி 10 ரூபாயைச் சேர்த்துவிட்டார்கள். அதன்பின் வரிக் குறைப்பைத் தவிர, 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறையும்வரை பங்க் விலை நகரவே இல்லை.

ஏறும்போது சந்தையின் பெயரும், நிற்கும்போது தேர்தலின் பெயரும் பெட்ரோல் விலைக்குப் பொருந்துகின்றன. நெசவுக் கூலிக்கு இந்த இரண்டு பெயரும் இல்லை. சேலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், அந்தப் பாவு ஓடி முடியும்வரை அதே கூலிதான். இடையில் பெட்ரோல் ஏறினால், ஏறியது நெசவாளியின் கைக்காசு.